வால்பாறையில் பலியாகும் பிள்ளைகள்: கூண்டு மட்டும் போதுமா?

வால்பாறை மலையில் அடுத்தடுத்துப் பிள்ளைகள் பலியாகிறார்கள். 2024 அக்டோபரில் ஊசிமலை எஸ்டேட்டில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. 2025 ஜூனில் பச்சைமலை எஸ்டேட்டில் இன்னொரு சிறுமியை வீட்டருகிலிருந்து கவ்விச் சென்றது. ஆகஸ்டில் வேவர்லி எஸ்டேட்டில் ஒரு சிறுவன் இறந்தான். முதலில் சிறுத்தை என்றார்கள். உடற்கூறாய்வுக்குப் பிறகு கரடி என்றார்கள். மூவருமே ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் எஸ்டேட் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அக்டோபரில் யானை தாக்கி ஒரு பாட்டியும் அவருடைய சின்னஞ்சிறு பேத்தியும் மடிந்தார்கள்.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் நடப்பவை ஊருக்கு மனப்பாடம். சாலை மறியல், அதிகாரிகளின் பேச்சுவார்த்தை, நிவாரணக் காசோலை, கூண்டு. பச்சைமலையில் சில நாட்களிலேயே ஒரு சிறுத்தை கூண்டில் சிக்கியது. படம் பத்திரிகைகளில் வந்தது. பெற்றோர் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகிறார்கள், அல்லது லயன் எனப்படும் அதே வரிசை வீட்டிலிருந்து அடுத்த நாள் மஸ்டருக்கு, அதாவது வேலைக்கான வருகைப் பதிவுக்கு, போகிறார்கள். இரண்டு மாதத்தில் அடுத்த செய்தி.

இவ்வளவுக்கும் இது கையாலாகாத ஊர் இல்லை. யானையால் மனிதர் சாவதை எப்படிக் குறைப்பது என்று வெளிநாட்டாரும் வந்து பார்த்துப்போகும் அளவுக்கு ஒரு முறையை உருவாக்கிக் காட்டியது வால்பாறைதான். அந்த அனுபவம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, சிறுத்தை என்றதும் கூண்டைத் தவிர வேறெதுவும் தோன்றாமல் போவது ஏன்?

மரத்தை வெட்டி எழுந்த ஊர்

பொள்ளாச்சியிலிருந்து 64 கி.மீ. ஆழியாறு அணையைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் சாலையோரச் சுவரில் நின்று வண்டிகளை வேடிக்கை பார்க்கும். அட்டகட்டி, ரொட்டிக்கடை என்று ஏறி முடித்தால் ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் சுமார் 220 சதுர கி.மீ. பரப்புள்ள மேட்டுநிலம். பெரும்பகுதி தேயிலை. இடையிடையே தீவுபோல மழைக்காட்டுத் துண்டுகள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும், கேரளப் பக்கத்தில் பரம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம் காடுகளும். ஊருக்குள் காட்டு விலங்கு வந்துவிட்டது என்று சமவெளியில் சொல்வதை இங்கே சொல்ல முடியாது. இந்த ஊரே காட்டுக்குள் இருக்கிறது.

இங்கே முதலில் இருந்தவர்கள் காடர்களும் மற்றப் பழங்குடிகளும். தேன், ஏலம், கிழங்கு என்று காட்டை நம்பி வாழ்ந்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்ட முயற்சிகள் நடந்தன. பெரிய அளவில் காடு அழியத் தொடங்கியது 1890-களுக்குப் பிறகு. சென்னை மாகாண அரசு மலையை வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்தது. காப்பி, சின்கோனா எல்லாம் முயன்று பார்த்து, கடைசியில் தேயிலை நிலைத்தது. முன்னோடி என்று போற்றப்படும் கார்வர் மார்ஷுக்கு மலைப்பாதையில் சிலை இருக்கிறது. அவர் காட்டிய இடத்தில் மரத்தை வெட்டி, அட்டைக்கடியிலும் மலேரியாவிலும் செத்துப்போனவர்களுக்கு ஒரு நடுகல்கூட இல்லை.

அவர்களுக்காக ஒரு நாவல் இருக்கிறது. இந்த எஸ்டேட்டுகளில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ 1969-இல் வெளிவந்தது. இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படையும் அதுதான். திருநெல்வேலிச் சீமையில் பஞ்சத்தில் கிடந்த குடும்பங்களைக் கங்காணி முன்பணம் கொடுத்து மலையேற்றியதும், அந்தக் கடன் கடைசிவரை தீராததும் அதில் பதிவாகியிருக்கின்றன. திருநெல்வேலி, இராமநாதபுரம், சேலம் மாவட்டத்தாரும் மலையாளிகளும் சேர்ந்து உருவான ஊர் இது. முடீஸ், உருளிக்கல், சோலையாறு என்று ஒவ்வொரு எஸ்டேட் பகுதிக்கும் தனித்தனிக் கோயில் திருவிழாவும் தேவாலயமும் பள்ளிவாசலும் உண்டு. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஒரே லயனில் பலகாரம் கைமாறும்.

விடுதலைக்குப் பிறகு தொழிற்சங்கங்கள் வந்தன. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடியிருக்க வீடு, குடிநீர், கழிப்பறை, மருத்துவமனை, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைத் தருவது நிர்வாகத்தின் கடமை என்று அந்தச் சட்டம் சொன்னது. அண்மையில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. சட்டத்தின் பெயர் எதுவானாலும், இந்தப் பட்டியலை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறுத்தைப் பிரச்சினைக்கான விடையில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது.

யானை வந்தால் விளக்கு எரியும்

ஆண்டுதோறும் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் வால்பாறை மேட்டுநிலத்தைப் பயன்படுத்துகின்றன. ஆற்றோரமாகவும் காட்டுத் துண்டுகள் வழியாகவும் நடந்து, தேயிலையைக் கடந்து மறுபக்கக் காட்டுக்குப் போகும். தேயிலையைத் தின்பதில்லை. ஆனால் ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், மளிகைக் கடை என்று அரிசியும் உப்பும் வைத்திருக்கும் இடங்களின் சுவரை இடித்துவிடும்.

2002 முதல் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் எம். ஆனந்தகுமாரும் குழுவினரும் இந்த யானைகளைப் பின்தொடர்ந்தார்கள். கூடவே இன்னொன்றையும் செய்தார்கள். 1994-க்குப் பிறகு யானையால் இறந்த ஒவ்வொருவரும் எங்கே, எந்த நேரத்தில், எப்படி இறந்தார் என்று விசாரித்தார்கள். வீட்டுக்குள் இருந்தவர்கள் அதிகம் சாகவில்லை. வேலை முடிந்தோ கடைக்குப் போயோ, கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கியோ இருட்டில் நடந்து வந்தவர்கள்தான் பெரும்பாலும் இறந்திருந்தார்கள். பாதையில் யானை நிற்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

காரணம் தெரிந்ததும் வழி பிறந்தது. முதலில் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் யானை நிற்கும் இடம் ஓடும் வரியாக வந்தது. 2011-இல் கைப்பேசிக் குறுஞ்செய்தி தொடங்கியது. முக்கியமான சந்திப்புகளில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்குகள் நடப்பட்டன. பக்கத்தில் யானை இருந்தால், பொறுப்பாளர் ஒருவர் தன் கைப்பேசியிலிருந்து ஓர் அழைப்பு கொடுத்தாலே விளக்கு மினுங்கும். பஸ்ஸிலிருந்து இறங்குபவர் அதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு போவார், இல்லாவிட்டால் காத்திருப்பார். விளக்கை இயக்கியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த எஸ்டேட்டுக்காரர்களே. வனத்துறை விரைவுக் குழுக்களை நியமித்தது. எஸ்டேட் நிர்வாகங்கள் ஒத்துழைத்தன. யானையால் நேரும் சாவுகள் குறைந்தன. ஆனந்தகுமாருக்கு 2015-இல் பிரிட்டனின் விட்லி விருது கிடைத்தது.

இதில் யானையை விரட்டும் தொழில்நுட்பம் எதுவுமில்லை. மின்வேலி இல்லை, அகழி இல்லை. ஆட்கள் ஏன் சாகிறார்கள் என்ற கேள்வியைச் சாவு நடந்த இடத்துக்கே போய்க் கேட்டதுதான் இந்த முறையின் பலம். சிறுத்தை விஷயத்தில் இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

தேயிலை வாசற்படி வரை

குறுஞ்செய்தியும் விளக்கும் சிறுத்தைக்குப் பயன்படாது. யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லலாம். சிறுத்தை எங்கே படுத்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இடுப்பளவு உயரத்தில் அடர்ந்த தேயிலைச் செடி அதற்கு வாகான மறைவு. பகலில்கூட இரண்டு வரிசை தள்ளிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது இருப்பது தெரியாது.

அது மனிதரைத் தேடி வருவதும் இல்லை. வால்பாறையில் சிறுத்தையின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள், அதன் உணவில் மிகப் பெரும்பகுதி கேளையாடு, கடமான், சருகுமான், முள்ளம்பன்றி போன்ற காட்டு விலங்குகளே என்று கண்டார்கள். தினமும் இரவில் லயன்களைக் கடந்து போகும் சிறுத்தைகள் பெரும்பாலும் யாரையும் தொடுவதில்லை. தொட்ட சமயங்களைப் பார்த்தால், பலியானவர்கள் பெரும்பாலும் சிறு பிள்ளைகள். மாலை நேரம், வீட்டிலிருந்து சில அடி தூரம், செடி மறைவு, பக்கத்தில் பெரியவர் இல்லாத சில நிமிடங்கள். குனிந்திருக்கும் பிள்ளை சிறுத்தையின் கண்ணுக்குத் தன் வழக்கமான இரையின் அளவில்தான் தெரிகிறது.

அப்படியானால் அந்தப் பிள்ளை மாலை ஆறு மணிக்கு வெளியே ஏன் இருந்தது என்று கேட்க வேண்டும். பல லயன்களில் கழிப்பறை வீட்டுக்குள் இல்லை, அல்லது இருந்தும் தண்ணீர் வருவதில்லை. தண்ணீர்க் குழாய் வரிசையின் கடைசியில் இருக்கிறது. அடுப்புக்கு விறகு செடிக்கு அப்பால் கிடக்கிறது. தாய் தண்ணீர் பிடிக்கப் போகும்போது பிள்ளை கூடவே வருகிறது, அல்லது வாசலில் உட்கார்ந்திருக்கிறது. வாசலிலிருந்து சில அடியில் தேயிலை தொடங்குகிறது. நிலத்தை வீணாக்கக் கூடாது என்று வெள்ளைக்காரர் காலத்தில் அப்படி நட்டார்கள். இன்னும் அப்படியே இருக்கிறது.

தெருவிளக்கு யாருடைய பொறுப்பு என்று கேட்டால் விஷயம் சுற்றிச் சுற்றி வரும். எஸ்டேட் தனியார் இடம் என்கிறது நகராட்சி. விலங்கு வனத்துறையின் பொறுப்பு என்கிறது எஸ்டேட். புதரும் கழிப்பறையும் எங்கள் வேலையில்லை என்கிறது வனத்துறை. மூன்றும் சட்டப்படி ஓரளவு சரிதான். அந்த மூன்று சரிகளுக்கு நடுவில்தான் பிள்ளைகள் சாகிறார்கள்.

கூண்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு சிறுத்தை மனிதரைத் தாக்கியது உறுதியானால் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் மக்களின் கோபத்தைத் தணிப்பதற்காகக் கையில் கிடைத்ததைப் பிடித்து வேறு காட்டில் விடுவது ஆபத்தானது. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்தில் 2001 முதல் இப்படிப் பெருமளவில் சிறுத்தைகளைப் பிடித்து இடம் மாற்றினார்கள். ஆண்டுக்குச் சராசரியாக நான்காக இருந்த தாக்குதல்கள் 17 ஆக உயர்ந்தன என்று வித்யா ஆத்ரேயாவும் சக ஆய்வாளர்களும் பதிவு செய்தார்கள். இடம் பெயர்ந்த சிறுத்தை பழகாத ஊரில் தடுமாறுகிறது. காலியான இடத்துக்கு இன்னொரு சிறுத்தை வருகிறது.

மும்பை வேறு பாதையில் போனது. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றி லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள், சிறுத்தைகளும் வாழ்கின்றன. 2011-க்குப் பிறகு வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து குப்பையை அகற்றினார்கள், பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் போய்ப் பேசினார்கள், கண்ணில் பட்ட சிறுத்தையையெல்லாம் பிடிப்பதை நிறுத்தினார்கள். தாக்குதல்கள் குறைந்தன. குப்பை அகற்றுவது சின்ன வேலைபோலத் தோன்றும். இறைச்சிக் கழிவைத் தேடி நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். வால்பாறைக் கடைவீதிக்கும் இது பொருந்தும்.

ஆள் மாறிய லயன்கள்

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வால்பாறையில் 94,962 பேர். 2011-இல் 70,859. பத்து ஆண்டில் நான்கில் ஒரு பங்கு மக்கள் இறங்கிப் போய்விட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி இப்படிச் சுருங்குவது அபூர்வம்.

காரணம் தேடி ஆய்வு நடத்த வேண்டியதில்லை. தேயிலைக் கூலியைவிடத் திருப்பூர்ப் பின்னலாடைக் கூலியும் கோவை ஆலைக் கூலியும் மேல். அதைவிடப் பெரிய காரணம் வீடு. லயன் வீடு கம்பெனியுடையது. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவரும் ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். மூன்று தலைமுறை இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கும் மலையில் பட்டா நிலம் கிடையாது. எப்படியும் ஒருநாள் விட்டுப் போக வேண்டிய ஊரில் பிள்ளையை ஏன் வளர்க்க வேண்டும் என்று பெற்றோர் முன்கூட்டியே யோசித்துவிடுகிறார்கள்.

இறங்கிப் போனவர்களின் இடத்துக்கு ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா, பிகாரிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அவர்கள் வராவிட்டால் பல எஸ்டேட்டுகளில் கொழுந்து செடியிலேயே முற்றிவிடும். அவர்களுக்கு இந்தக் காடு புதிது. எந்த ஓடையோரம் யானை இறங்கும், எந்த மாதம் கரடி பழத்துக்கு வரும், இருட்டியபின் எந்தக் குறுக்குவழியில் போகக் கூடாது என்பதெல்லாம் ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லித் தெரிந்தவை. அந்தப் பாட்டி இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். தமிழில் வரும் எச்சரிக்கையைப் புதியவர்கள் படிக்க முடியாது. தமிழ் தெரியாத பிள்ளை பள்ளியில் ஒட்டுவதில்லை. பகல் முழுவதும் லயனிலேயே சுற்றுகிறது. ஆள் குறைந்த லயன்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, சுற்றிப் புதர் மண்டுகிறது.

பலியான பிள்ளைகளின் பெற்றோர் வெளிமாநிலத்தவராக இருப்பது தற்செயல் என்று கடந்துபோக முடியாது. சமவெளியில் வெளிமாநிலத் தொழிலாளர் என்றாலே வாக்குவாதம் செய்யப் பழகிவிட்ட நமக்கு, இந்தப் பிள்ளைகளின் பாதுகாப்பும் தமிழ்நாட்டின் பொறுப்பு என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தேயிலைத் தொழில் நெருக்கடியில் இருக்கிறது என்ற நிர்வாகங்களின் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயே தாக்குப்பிடிக்க முடியாமல், நீலகிரியிலும் வால்பாறையிலும் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பித்தர 2022-இல் ஆணை வந்தது. காட்டுக்கு நல்லதுதான். ஆனால் தோட்டம் சுருங்கும்போது மிச்சமிருக்கும் லயன்களைக் கவனிக்க ஆளில்லாமல் போகிறது. செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகம் முதலில் கை வைப்பது வீடு பழுதுபார்ப்பிலும் காப்பகத்திலும்தான்.

காடர்களும் சரிந்த மலையும்

மலையின் பழைய குடிகளின் கதை இன்னும் மோசம். 2019 மழையில் கல்லார்க் குடியில் மண் சரிந்தது. காடர் குடும்பங்கள் வீடிழந்தன. பக்கத்திலேயே பாதுகாப்பான தெப்பக்குளமேட்டில் குடியேறப் போனவர்களைப் புலிகள் காப்பகம் என்று சொல்லித் தடுத்தார்கள். எஸ்டேட்டின் பழைய லயனில் தங்க வைத்தார்கள். வன உரிமைச் சட்டம் 2006-இலேயே வந்துவிட்டது. இருந்தும் உண்ணாவிரதம் உட்பட இரண்டாண்டுப் போராட்டத்துக்குப் பிறகுதான் 2021-இல் அவர்களுக்கு நிலம் கிடைத்தது. காட்டை அறிந்தவர்களைக் காட்டிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டே, காட்டு விலங்கைச் சமாளிக்க ஆள் போதவில்லை என்று புலம்புவது நம்முடைய நிர்வாகத்துக்கே உரிய விநோதம்.

2024 ஜூலை 30 அதிகாலையில் கேரளத்தின் வயநாட்டில் மலை சரிந்தது. அதே மழையில் சோலையாறு பகுதியில் வீட்டின் மீது மண் விழுந்து ஒரு பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள். சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. சரிவில் கட்டிய பழைய வீடுகளைத் தணிக்கை செய்யும்போது சிறுத்தையை மட்டும் மனதில் வைத்தால் போதாது.

வண்டிகளும் சோலைமந்திகளும்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதமே வந்துவிட்டது. கடைக்காரர்களின் கவலை புரிந்துகொள்ளத்தக்கது. தேயிலை சரிந்த ஊரில் விடுதியும் ஓட்டலும்தான் மிச்சமிருக்கும் பிழைப்பு. ஆனால் ஊருக்குப் பக்கத்திலேயே புதுத்தோட்டத்தில் போய்ப் பார்த்தால் மறுபக்கம் தெரியும். நூறு ஹெக்டேர்கூட இல்லாத காட்டுத் துண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சோலைமந்திகள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது. பயணிகள் போடும் சிப்ஸ் பொட்டலத்துக்காகச் சாலையில் இறங்கி வண்டியில் அடிபடுகிறது. மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றுப் பாலங்கள் சிலவற்றைக் காப்பாற்றுகின்றன. வண்டியின் வேகத்தைக் குறைத்தால் இன்னும் பல பிழைக்கும்.

வண்டிகளை எண்ணுவதோடு இ-பாஸ் நின்றுவிடக் கூடாது. எத்தனை வண்டிக்கு இந்தச் சாலையும் குப்பைக் கிடங்கும் தாங்கும் என்று கணக்கிட்டு, வார இறுதிகளுக்கு வரம்பு வைக்க வேண்டும். அதற்குமேல் சுற்றுலா பற்றி இந்தக் கட்டுரை பேசப்போவதில்லை. ஊரின் அவசரம் வேறு.

இனி செய்யவேண்டியது

முதல் வேலை ஒரு கணக்கெடுப்பு. மாவட்ட ஆட்சியர் தலைமையில் வனத்துறை, நகராட்சி, தொழிலாளர் துறை, எஸ்டேட் நிர்வாகங்கள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து ஒவ்வொரு லயனையும் நேரில் பார்க்க வேண்டும். வீட்டுக்கும் தேயிலைக்கும் எத்தனை அடி, கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, விளக்கு எரிகிறதா, பூட்டிய வீடுகள் எத்தனை, பின்னால் சரிவு இருக்கிறதா என்று எழுத வேண்டும். பொறுப்பாளரின் பதவியையும் முடிக்கவேண்டிய தேதியையும் அதிலேயே குறித்து, நகராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். யார் வேலை என்ற சர்ச்சை அப்போதுதான் தீரும்.

வீட்டைச் சுற்றிக் குறைந்தது முப்பது நாற்பது அடிக்குத் தேயிலையை எடுத்துவிட்டு வெட்டவெளியாக வைக்க வேண்டும். கம்பெனிக்கு இதனால் குறையும் கொழுந்து மிகச் சிறிது. பிள்ளைகளுக்கு விளையாட இடமும் கிடைக்கும். கழிப்பறையும் தண்ணீரும் வீட்டோடு சேர வேண்டும். புதிதாக எதையும் கேட்கவில்லை, 1951-இல் ஒப்புக்கொண்டதைத்தான் கேட்கிறோம்.

குழந்தைகள் காப்பகம் கடைசித் தாய் வேலையிலிருந்து திரும்பும்வரை திறந்திருக்க வேண்டும். பள்ளி விட்டபின் இருட்டும்வரை உள்ள இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பெரிய பிள்ளைகளையும் அங்கே சேர்க்கலாம். அங்கே பணியாற்ற இந்தியோ அசாமியோ சாத்ரியோ தெரிந்த பெண்ணைப் புதிய தொழிலாளர்களிலிருந்தே நியமிக்கலாம். புதிதாக வரும் குடும்பத்துக்கு மஸ்டரில் பெயர் எழுதும் அன்றே, அவர்கள் மொழியில், காட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். பேசுவதற்கு ஓய்வுபெற்ற தொழிலாளர்களையும் காடர் இளைஞர்களையும் விடத் தகுதியானவர்கள் கிடையாது. யானை எச்சரிக்கை அழைப்புகளும் அந்த மொழிகளில் போக வேண்டும்.

வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் விரைவுக் குழுவினரும் பெரும்பாலும் தற்காலிக ஊழியர்கள். இரவெல்லாம் யானைக்குப் பின்னால் நடப்பவருக்கு நிரந்தர வேலையும் காப்பீடும் கொடுக்காமல் மனித–விலங்கு மோதலைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துவதில் பொருளில்லை. சிறுத்தை தாக்கினால் கூண்டு வைக்கும் முன் தானியங்கிக் கேமராவும் மரபணுச் சோதனையும் கொண்டு எந்த விலங்கு என்று உறுதிசெய்வது விதியாக வேண்டும். வேவர்லியில் சிறுத்தை, கரடி என்று மாறிய குழப்பமே அதற்குப் போதுமான காரணம்.

ஓய்வுபெறும் தொழிலாளிக்கு மனை கொடுப்பது நீண்டகால வேலை. டான்டீ திருப்பித்தரும் நிலத்தில் காடாக மாற்ற உகந்ததைக் காட்டுக்கு விட்டுவிட்டு, ஊரை ஒட்டிய பாதுகாப்பான சிறு பகுதியைக் குடியிருப்புக்கு ஒதுக்க முடியுமா என்று அரசு பார்க்கலாம். காடு குறையக் கூடாது என்பவர்கள் எதிர்ப்பார்கள். மலையைத் தெரிந்தவர்கள் மலையில் இருப்பது காட்டுக்கும் நல்லது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும். மேகம் இறங்கினால் வால்பாறையில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும். மழை தொடங்குவதற்குள் புதரை வெட்டவும், விளக்குக் கம்பம் நடவும், காப்பகத்தின் நேரத்தை நீட்டிக்கவும் முடியும். இவற்றில் எதற்கும் புதுச் சட்டமோ தில்லியின் அனுமதியோ தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் முதல் கூட்டத்தைக் கோவையில் நடத்தாமல், பச்சைமலை எஸ்டேட்டில் நடத்தட்டும்.